கோடரிக்கு முன் ஒரு சொல்: ஜப்பானிய வழக்காறுகளில் மர ஆவிகள்

ஜப்பானின் பழைய வரலாற்று நூல்களில் ஒன்றான ‘நிஹோன் ஷோகி’ கி.பி. 720இல் தொகுத்து முடிக்கப்பட்டது. அந்நாட்டுக்கு மரங்கள் எப்படி வந்தன என்பதற்கு அதில் ஒரு கதை இருக்கிறது. சுசானோவோ என்ற முரட்டுத் தெய்வம் தன் தாடியைப் பிய்த்து இறைத்தது. அது ஸுகி மரமாயிற்று. மார்பு மயிர் ஹினோகி மரமாயிற்று, பிட்டத்து மயிர் மாக்கி மரமாயிற்று, புருவம் கற்பூர மரமாயிற்று. அதோடு நிற்கவில்லை. எந்த மரம் எதற்கு என்பதையும் அந்தத் தெய்வமே கையோடு சொல்லிவிட்டது: ஸுகியும் கற்பூர மரமும் படகுக்கு, ஹினோகி அரண்மனைக்கு, மாக்கி சவப்பெட்டிக்கு. இதை வெறும் புராணம் என்று ஒதுக்கிவிட முடியாது. நாரா, ஒசாகா வட்டாரத்துப் பழைய மன்னர் சமாதிகளில் அகழ்ந்தெடுத்த மரச் சவப்பெட்டிகள் பலவும் மாக்கி இனத்து மரத்தில் குடைந்தவைதான்.

உலகத்தின் பல தொன்மங்களில் மரம் முதலில் வருகிறது, மனிதனின் தேவை பிறகு வருகிறது. இங்கே மரம் பிறக்கும்போதே அதன் பயனும் கூடப் பிறந்துவிடுகிறது. ஜப்பானிய மர ஆவிகளைப் பற்றிய பேச்சு இந்த இடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்பது என் எண்ணம். பாசி படர்ந்த காடு, பனிமூட்டம், இலைகளுக்கிடையில் எட்டிப்பார்க்கும் சிறு வெண்ணுருவங்கள் என்று இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் படம் அழகானதுதான். ஆனால் பழைய ஏடுகளையும் மலைக்கிராமத்து வழக்கங்களையும் வரிசையாகப் பார்த்தால், இந்த ஆவிகள் பெரும்பாலும் ஒரே தருணத்தில்தான் வாய் திறக்கின்றன: கோடரி அடிமரத்தை நெருங்கும்போது. வீடு, கோயில், பாலம், கப்பல், கிண்ணம், செருப்பு எல்லாவற்றையும் மரத்தாலேயே செய்துகொண்ட ஒரு சமூகம், யாரைக் கேட்டு வெட்டுவது, வெட்டிய பிறகு யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்று 1,300 ஆண்டுகளாக நடத்திவரும் வழக்கு இது. ஆவிகள் அந்த வழக்கின் எதிர்த்தரப்பு.

அதே ‘நிஹோன் ஷோகி’ 618ஆம் ஆண்டுக்குக் கீழே ஒரு சம்பவத்தைக் குறிக்கிறது. கப்பல் கட்டுவதற்காக அரசவை அதிகாரி ஒருவர் ஆகி நாட்டுக்கு, அதாவது இன்றைய ஹிரோஷிமாப் பகுதிக்கு, அனுப்பப்படுகிறார். மலையில் நல்ல மரம் ஒன்று கண்ணில் படுகிறது. வெட்டச் சொல்கிறார். அது இடி இறங்கிய மரம், தொடக்கூடாது என்கிறார்கள் உள்ளூர்க்காரர்கள். இடித் தெய்வமானாலும் அரச ஆணையை மீறலாமா என்று அதிகாரி கேட்கிறார். அப்படிக் கேட்டுவிட்டும் அவர் நேராகக் கோடரியை எடுக்கவில்லை. முறைப்படி காணிக்கை படைத்த பிறகுதான் வெட்டச் செய்கிறார். உடனே பெருமழை கொட்டுகிறது, இடி முழங்குகிறது, மின்னல் பாய்கிறது. அவர் வாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்: கூலியாட்களைத் தொடாதே, வேண்டுமானால் என்மேல் இறங்கு என்று தெய்வத்துக்குச் சவால் விடுகிறார். மின்னல் பலமுறை பாய்ந்தும் அவரைத் தீண்ட முடியவில்லை. கடைசியில் தெய்வம் ஒரு சிறு மீனாகிக் கிளை இடுக்கில் சிக்கிக்கொள்கிறது. அவர் அதை எடுத்துச் சுட்டெரித்துவிட்டுக் கப்பலைக் கட்டி முடிக்கிறார்.

அரசு ஜெயித்த கதை இது. அதே நூலில் அரசு தோற்ற கதையும் உண்டு. 661இல், கொரியாவின் பெக்ஜே நாட்டுக்குப் படையுதவி செய்யப் புறப்பட்ட பேரரசி சைமெய், கியூஷுவில் அசகுரா என்ற இடத்தில் மாளிகை எழுப்பினார். அங்கிருந்த சன்னிதியின் மரங்களை வெட்டித்தான் மாளிகைக்குப் பயன்படுத்தினார்கள். தெய்வம் சினந்து கட்டடத்தை உடைத்தது, மாளிகைக்குள் பேய்த்தீ தெரிந்தது, பணியாளர்கள் நோயுற்று இறந்தார்கள் என்கிறது நூல். சில வாரங்களில் பேரரசியும் அங்கேயே இறந்துபோனார். 43 ஆண்டு இடைவெளியில் நடந்ததாகச் சொல்லப்படும் இந்த இரண்டையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும். முதல் கதையில் காணிக்கை இருந்தது, எதிரில் நின்று பொறுப்பேற்க ஓர் ஆள் இருந்தார். இரண்டாவதில் இரண்டுமே சொல்லப்படவில்லை.

12ஆம் நூற்றாண்டுக் கதைத்தொகுப்பான ‘கொன்ஜாகு மொனொகதாரி’ இதையே இன்னும் துலக்கமாகச் சொல்கிறது. பேரரசி சுய்கோவின் காலத்தில் ஒரு புத்த ஆலயம் கட்டவேண்டிய நிலத்தில் மாபெரும் மரம் ஒன்று நின்றது. வெட்டப் போனவர்கள் செத்துவிழுந்தார்கள். ஒரு துறவி மழையிரவில் அந்த மரத்தடியில் ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்கிறார். நள்ளிரவில் உச்சியிலிருந்து குரல்கள் வருகின்றன. இதுவரை வந்தவர்களை ஒழித்துவிட்டோம், ஆனால் நார்க்கயிற்றைச் சுற்றிக் கட்டி, தூய்மைச் சடங்கின் மந்திரத்தை ஓதி, தச்சர்கள் நூல் அடித்து வெட்டினால் நம்மால் ஒன்றும் செய்யமுடியாது என்று அவை தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. மறுநாள் அப்படியே செய்கிறார்கள். மரம் சாய்கிறது, ஒருவருக்கும் ஆபத்தில்லை. சாயும்போது உச்சியிலிருந்து சில பறவைகள் எழுந்து பறக்கின்றன. அவற்றின்மேல் இரக்கப்பட்டு அரசி ஒரு சன்னிதி கட்டிக் கொடுக்கிறார். தங்களை வெட்டும் முறையை ஆவிகளே வெளிப்படுத்துவதும், வீடிழந்தவற்றுக்கு வேறு வீடு தருவதோடு கணக்கு தீர்வதும் இந்தக் கதையின் உயிர்நாடி. பின்னால் வரும் சடங்குகள் எல்லாவற்றின் வரைபடமும் இதற்குள் இருக்கிறது.

மரமே தெய்வமா, அல்லது வேறெங்கிருந்தோ வரும் தெய்வம் இறங்கி அமரும் இருக்கையா என்ற கேள்வி ஆய்வாளர்களைப் பிரித்தது. மொழியறிஞரும் கவிஞருமான ஒரிகுச்சி ஷினோபு 1915 முதல் எழுதிய கட்டுரைகளில் ‘யொரிஷிரோ’ என்ற கருத்தை முன்வைத்தார்: தெய்வம் வானத்திலிருந்தோ கடலுக்கு அப்பாலிருந்தோ வருகிறது, உயர்ந்த மரம் அதற்கு ஓர் அடையாளம், இறங்குதளம். ஷிந்தோ சன்னிதிகளில் வைக்கோல் கயிறு கட்டி, வெள்ளைக் காகிதப் பட்டைகள் தொங்கவிட்டிருக்கும் மரங்களுக்கு இன்று தரப்படும் விளக்கம் பெரும்பாலும் இதுதான். சீரான விளக்கம். விழா நாளில் நடும் கம்பங்களுக்கும் புத்தாண்டில் வாசலில் வைக்கும் பைன் கொத்துக்கும் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஆகி நாட்டு மரத்துக்கும் அசகுரா மரங்களுக்கும் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். இருக்கை மட்டும்தான் என்றால் தெய்வம் எழுந்து வேறிடம் போய்விடலாம். இந்தக் கதைகளில் வருபவை போகமாட்டேன் என்கின்றன. அந்த மரத்தோடு வாழ்கின்றன, அதோடு சாகின்றன. இரண்டு நம்பிக்கைகளும் ஒரே மண்ணில் அக்கம்பக்கமாக வளர்ந்தன என்று கொள்வதே பொருத்தம்.

மரத்தோடு வாழும் அந்த ஆவிக்கு வழங்கும் பொதுப்பெயர் கொடாமா. 930களில் மினமோதோ நோ ஷிதகோ தொகுத்த ‘வம்யோ ருய்ஜுஷோ’ என்ற சொற்களஞ்சியத்தில் அது மரத்தெய்வத்தின் பெயராகப் பதிவாகியிருக்கிறது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ‘கெஞ்சியின் கதை’யில் உஜி ஆற்றங்கரையில் ஒரு பெரிய மரத்தடியில் மயங்கிக் கிடக்கும் இளம்பெண்ணைத் துறவிகள் கண்டெடுக்கிறார்கள். அவள் பேயா, நரியா, கொடாமாவா என்று அஞ்சி விசாரிக்கிறார்கள். அதாவது, அன்றைய படித்தவர்களுக்குக் கொடாமா மனித உருவில் வந்து ஏமாற்றக்கூடிய ஒன்று. மலையில் நாம் கத்தினால் திரும்பிவரும் எதிரொலியும் அதன் வேலையே என்று கருதினார்கள். எதிரொலிக்கு இன்றும் அதே பெயர் வழங்குகிறது.

உருவம் என்று வரும்போது எச்சரிக்கை தேவை. தொரியாமா செகியென் 1776இல் வெளியிட்ட பேயுருவப் படநூலின் முதல் படமே கொடாமாதான். அதில் முறுக்கேறிய ஒரு பழைய மரத்தின் அருகே முதிய கணவனும் மனைவியும் நிற்கிறார்கள். நூறாண்டு கடந்த மரத்தில் ஆவி குடியேறி உருவம் காட்டும் என்று குறிப்பு இருக்கிறது. தலையைக் கடகடவென்று ஆட்டும் வெள்ளைக் குட்டியுருவம் 1997இல் ஹயாவோ மியாசாகி இயக்கிய ‘இளவரசி மொனொனோகெ’ படத்தில் பிறந்தது. அதற்கு முந்தைய ஏடுகளில் அதைத் தேடிப் பயனில்லை. செகியெனின் பட்டியலிலேயே சில இறக்குமதிகள் உண்டு. மனித முகங்களைப் பூக்களாகப் பூக்கும் மரம், கற்பூர மரத்தை வெட்டினால் வெளிவரும் மனிதமுக நாய் ஆகிய இரண்டும் சீன நூல்களிலிருந்து வந்தவை. போர்க்களத்தில் இரத்தம் குடித்து வளர்ந்து வழிப்போக்கரை உறிஞ்சும் மரம் ஒன்றை இன்றைய பேய்க் களஞ்சியங்கள் விடாமல் சேர்க்கின்றன. பழைய சான்று எதுவும் இல்லாத அது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய எழுத்தாளர்களின் கற்பனை. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே கூடையில் போட்டால், மலைவாசிகள் உண்மையில் எதை நம்பினார்கள் என்பது மறைந்துபோகும். செகியென் வரைந்த அந்த முதிய தம்பதிதான் மக்களின் எண்ணத்துக்கு நெருக்கமானது என்பது என் கணிப்பு: அச்சுறுத்தாத, வயதின் மரியாதையைக் கோருகிற உருவம்.

மனிதனோடு மரம் மணவுறவு கொள்ளும் கதைகளில் இந்த நம்பிக்கை தன் ஆழத்தைக் காட்டுகிறது. கியோத்தோவின் சஞ்சூசங்கென்-தோ ஆலயம் 1164இல் ஓய்வுபெற்ற பேரரசர் கோ-ஷிரகாவாவுக்காகக் கட்டப்பட்டது. தீயில் அழிந்து 1266இல் மறுபடி எழுந்த இன்றைய மண்டபத்தின் நீளம் சுமார் 120 மீட்டர். அவ்வளவு நீளக் கூரைக்கு முகட்டு உத்தரம் எங்கிருந்து வந்தது? குமானோ மலைப்பகுதியின் ஒரு வில்லோ மரத்திலிருந்து என்கிறது கதை. பேரரசருக்குத் தீராத தலைவலி. அவருடைய முற்பிறவியின் மண்டையோடு ஓர் ஆற்றில் கிடக்கிறது, அதைத் துளைத்துக்கொண்டு ஒரு வில்லோ வளர்ந்திருக்கிறது, காற்றடித்து மரம் ஆடும்போதெல்லாம் தலை வலிக்கிறது. மரத்தை வெட்டி மண்டையோட்டை எடுத்து ஆலயத்தில் சேர்த்தால் குணமாகும்.

1760இல் ஒசாகாவில் அரங்கேறிய பொம்மை நாடகம் இதைக் குடிசைக்குள் கொண்டுவந்தது. ஹெய்தாரோ என்ற எளியவன் ஒருமுறை அந்த வில்லோவை வெட்டுப்படாமல் காப்பாற்றியிருக்கிறான். மரத்தின் ஆவி ஓர்யூ என்ற பெண்ணாக வந்து அவனை மணக்கிறாள். மிதொரிமாரு என்று ஒரு மகன். சில ஆண்டுகள் கழித்து அரச ஆணை வருகிறது. தூரத்தில் கோடரி விழ விழ, வீட்டிலிருக்கும் ஓர்யூவின் உடல் துடிக்கிறது. தான் யார் என்பதைச் சொல்லிவிட்டு அவள் மறைகிறாள். வெட்டிய மரத்தைக் கயிறு கட்டி இழுத்து வருகிறார்கள். அந்த வீட்டருகே வந்ததும் எத்தனை பேர் இழுத்தாலும் அசையவில்லை. தந்தை மரமிழுக்கும் பாட்டை எடுத்துப் பாட, சிறுவன் கயிற்றைத் தொட்டு இழுக்க, மரம் மெல்ல நகர்கிறது. இந்தக் காட்சிதான் பின்னாளில் தனியாகவே நடிக்கப்பட்டு நிலைத்தது. ஆணையை யாரும் எதிர்க்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மரம் போகத்தான் வேண்டும். ஆனால் தன் குழந்தை கை வைக்காமல் போகாது. அந்த ஆலயத்தில் இன்றும் ஜனவரியில் வில்லோக் கிளையால் நீர் தெளிக்கும் சடங்கு நடக்கிறது, தலைவலி தீரும் என்று ஏராளமானோர் வருகிறார்கள்.

லாஃப்காடியோ ஹெர்ன் 1904இல் வெளியிட்ட ‘க்வைதான்’ தொகுப்பிலும் இதே சாயலில் ஆவொயாகியின் கதை வருகிறது. அங்கே கணவனுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது. எங்கோ யாரோ தன் மரத்தை வெட்டுகிறார்கள் என்று அலறியபடி மனைவி மறைகிறாள், பிறகு அவன் வெட்டுண்ட மூன்று அடிமரங்களைப் பார்க்கிறான். பெயர் தெரியாத யாரோ, சொல்லாமல் வெட்டியதன் விலை.

புத்த மதம் இந்த இடத்தில் ஒரு சிக்கலோடு நுழைந்தது. இந்திய பௌத்த மரபில் மரம் செடிகளுக்கு உணர்வுள்ள உயிர்களின் தகுதி பொதுவாக இல்லை. எனவே அவை முக்தி அடைவது பற்றிய பேச்சும் இல்லை. சீனாவின் தியான்தாய் பிரிவில் 8ஆம் நூற்றாண்டின் ஜான்ரான் உணர்வற்றவற்றுக்கும் புத்த இயல்பு உண்டு என்று வாதாடினார். ஜப்பானில் 9ஆம் நூற்றாண்டின் அன்னென் அதை இன்னும் தள்ளிக்கொண்டுபோய், புல்லும் மரமும் தாமாகவே புத்தநிலை எய்தும் என்று எழுதினார். தத்துவ வாதம் என்று மட்டும் இதைப் பார்க்கக்கூடாது. மரத்தெய்வங்களை விட்டுவிட மாட்டாத ஒரு மக்கள் கூட்டத்தோடு மதம் செய்துகொண்ட சமரசம் இது. ‘நோ’ என்னும் மரபு நாடகங்களில் அதன் விளைவு அழகாக வெளிப்படுகிறது. ஸெயாமி எழுதியதாகக் கொள்ளப்படும் ‘சாய்க்யோ-ஸகுரா’வில், தன் தனிமையைக் கெடுக்கும் கூட்டத்துக்குக் காரணம் செர்ரிப் பூவின் குற்றமே என்று துறவிக் கவிஞர் சாய்க்யோ சலித்துக்கொள்கிறார். இரவில் மரத்திலிருந்து ஒரு கிழவர் வெளிப்பட்டு, பூத்தது என் குற்றமா என்று நியாயம் கேட்கிறார். துறவியிடம் பதில் இல்லை.

அரங்கத்தைவிட எனக்கு நெருக்கமானவை யமகதா மாநிலத்தின் யொனெஸாவா வட்டாரத்துக் கற்கள். ‘ஸொமொகு-தோ’ என்று அழைக்கப்படும் இவை புல்லுக்கும் மரத்துக்கும் எழுப்பிய நினைவுக்கற்கள்; அறியப்பட்டவற்றில் மிகப் பழையது 1780இல் நட்டது. தீயில் அழிந்த கட்டடங்களைத் திரும்ப எழுப்ப அந்த மலைகளிலிருந்து ஏராளமாக மரம் வெட்டப்பட்டதோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். நட்டவர்கள் மரம் வெட்டிப் பிழைத்த ஊரார். பெரிய சிற்பவேலை எதுவும் இல்லாத கல், அதில் சில எழுத்துகள். வெட்டாமல் இருந்திருக்கலாமே என்று அவர்களிடம் கேட்பது வயிறு நிறைந்தவர்களின் கேள்வி.

அந்த ஊர்களின் அன்றாட வழக்கங்கள் நூல்களைவிட உறுதியான சாட்சி. ஜப்பானிய மரவெட்டிகளின் கோடரி இரும்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் மூன்று கோடுகளும் மறுபக்கம் நான்கு கோடுகளும் பள்ளமாகக் கீறியிருக்கும். மூன்று கோடு தெய்வத்துக்குப் படைக்கும் அரிசி மதுவைக் குறிக்கிறது என்றும், நான்கு கோடு மரத்தை வளர்த்த இயற்கைச் சக்திகள் என்றும் விளக்கம் சொல்வார்கள். வேலை தொடங்குமுன் கோடரியை மரத்தில் சாய்த்துவைத்துக் கும்பிட்டால் படையல் வைத்ததற்குச் சமம். மலையில் ஒவ்வொரு மரத்துக்கும் மதுக்குப்பி சுமந்துபோக முடியாதல்லவா? மரம் விழுந்த பிறகு அதன் நுனிக் கொப்பை ஒடித்து அடிமரத்தின் நடுவில் செருகி நிறுத்துவது ‘தொபுஸா-ததே’. 8ஆம் நூற்றாண்டுக் கவிதைத் தொகையான ‘மன்யோஷூ’விலேயே இந்த வழக்கத்தின் பேச்சு வருகிறது.

மலைத்தெய்வத்தின் நாள் என்று ஒன்று உண்டு. வட்டாரத்துக்கு வட்டாரம் தேதி மாறும், கிழக்கில் பெரும்பாலும் 12. அன்று காட்டுக்குள் யாரும் போகமாட்டார்கள். தெய்வம் அன்று தன் மரங்களை எண்ணுகிறது; உள்ளே நிற்கும் மனிதனையும் மரமென்று எண்ணிக்கொள்ளும், பிறகு அவன் திரும்ப முடியாது. கிளை பிரிந்து மறுபடி ஒட்டி நடுவில் சன்னல்போல் ஓட்டை விழுந்த மரத்தையும், ஒரே இடத்தில் மூன்றாகப் பிரிந்த மரத்தையும் தெய்வத்தின் இருப்பிடம் என்று விட்டுவிடுவார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு இதன் உலகியல் காரணமும் புரியும். அப்படிப்பட்ட மரம் எந்தப் பக்கம் சாயும் என்று கணிப்பது கடினம், பலகைக்கும் உதவாது. ஆனால் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாலேயே நம்பிக்கை விளங்கிவிட்டது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆபத்தான மரத்தைத் தவிர் என்பதற்கும் இது இன்னொருவருடையது என்பதற்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது.

தெற்கே யாகுஷிமா தீவில் பெருமரங்களான ஸுகிகளைத் தெய்வமென்று அஞ்சித் தொடாமல் இருந்தார்கள் என்கிறது தீவின் வரலாறு. 17ஆம் நூற்றாண்டில் அத்தீவைச் சேர்ந்த அறிஞர் தொமாரி ஜோச்சிகு மலைக்குச் சென்று வேண்டித் தெய்வத்தின் அனுமதியைப் பெற்றுவந்ததாக ஊராரிடம் சொன்னாராம். மாலையில் கோடரியை மரத்தில் சாய்த்து வை, காலையில் விழாமல் இருந்தால் வெட்டலாம். அதன்பின் கூரைப்பலகைகள் பிளந்து தீவை ஆண்ட சத்சுமா ஆட்சிக்கு வரியாகச் செலுத்தப்பட்டன. உள்மலைகளின் ஸுகிகள் பெருமளவில் சாய்ந்தன. இந்தக் கதையை ஞானியின் கருணை என்று மெச்சுகிறவர்கள் உண்டு. அரிசி விளையாத தீவில் பசித்திருந்தவர்களுக்கு அவர் வழி திறந்தார் என்பது உண்மைதான். ஆனால் அனுமதி கேட்கும் சடங்கு எவ்வளவு எளிதாக அனுமதி வழங்கும் இயந்திரமாக மாறும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. சும்மா சாய்த்துவைத்த கோடரி எத்தனை இரவுகளில் தானாக விழும்?

ஒகினாவா, அமாமி தீவுகளில் மர ஆவிகளின் குணமே வேறு. ‘கஜுமாரு’ என்னும் ஆலினத்து மரத்தில் வாழும் கிஜிமுனா சிவந்த முடியுள்ள சிறுபிள்ளை போன்றது. மீனவர்களோடு நட்பாகும், படகில் வந்தால் வலை நிறையும், பங்காகக் கேட்பது மீனின் கண்ணை மட்டும். நீர்க்கணவாய் இனத்து எண்காலியைக் கண்டால் ஓடிவிடும். இரவுதோறும் அழைக்க வரும் இந்தத் தோழமையில் சலித்துப்போன மனிதன் மரத்துக்குத் தீ வைத்துவிடுவதும், கிஜிமுனா பின்னால் பழிதீர்ப்பதும் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. துரோகம் எப்போதும் மனிதன் பக்கமிருந்துதான் வருகிறது.

அமாமியில் இதன் உறவான கென்முன் பற்றி, போருக்குப் பிந்தைய ஒரு கதை இருக்கிறது. அமெரிக்க இராணுவ ஆட்சிக் காலத்தில் சிறைச்சாலை கட்டுவதற்காகக் கஜுமாரு மரங்களை வெட்டச் சொன்னார்கள். சாபத்துக்கு அஞ்சிய தீவுவாசிகள், இது தளபதி மெக்ஆர்தரின் ஆணை என்று உரக்கக் கத்திக்கொண்டே வெட்டினார்களாம். பின்னாளில் மெக்ஆர்தர் இறந்த செய்தி வந்தபோது, கென்முன் பழிவாங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். 618இல் அரச ஆணையைச் சொல்லி மரத்தின் முன் நின்ற அதிகாரியின் நேர் வாரிசுகள் இவர்கள், ஒரே ஒரு வேறுபாட்டோடு: அவர் இடியைத் தன்மேல் இறங்கச் சொன்னார், இவர்கள் முகவரியை மாற்றிக் கொடுத்தார்கள். ஆண்டவர்களும் ஆளப்பட்டவர்களும் ஒரே நம்பிக்கையை எப்படி வேறுவிதமாகக் கையாளுவார்கள் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

எந்தக் கேள்வியும் கேட்காமல் மரங்களைச் சாய்த்த காலம் 1906இல் தொடங்கியது. ஊருக்கு ஒரு சன்னிதி போதும், மற்றவற்றை ஒன்றில் சேர்த்துவிடலாம் என்று அரசு அப்போது ஆணையிட்டது. சில ஆண்டுகளில் சுமார் 70,000 சன்னிதிகள் மறைந்தன. மியெ, வகயாமா மாநிலங்களில் இழப்பு மிகக் கடுமை. சன்னிதி போனால் அதைச் சூழ்ந்த காடும் போகும், மரம் விற்றுக் காசாகும். எதிர்த்து நின்றவர்களில் முதன்மையானவர் வகயாமாவின் தனாபேயில் வாழ்ந்த மினகாதா குமாகுசு (1867-1941). லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் நூலகத்தில் ஆண்டுக்கணக்கில் படித்தவர், சளிப்பூஞ்சை போன்ற நுண்ணுயிர்களை ஆராய்ந்தவர். அவருடைய பெயரே ஒரு மரத்தின் கொடை: ஃபுஜிஷிரோ சன்னிதியின் பழைய கற்பூர மரத்திடம் வேண்டி, பிள்ளைகளுக்குப் பெயரில் ஓர் அசை வாங்குவது அந்தப் பகுதியின் வழக்கம்.

குமாகுசு 1910இல் கல்விக் கூட்டம் ஒன்றில் அதிகாரியைச் சந்திக்கவேண்டும் என்று அத்துமீறி நுழைந்து 18 நாள் காவலில் இருந்தார். தாவரவியலாளர் ஒருவருக்கு அவர் எழுதிய இரு நீண்ட கடிதங்களை நாட்டாரியல் அறிஞர் யனகிதா குனியோ 1911இல் அச்சிட்டுப் பரப்பினார். அவருடைய வாதம் ஒரே தளத்தில் நிற்கவில்லை. காடு போனால் பறவை போகும், பூச்சி பெருகும், விளைச்சல் கெடும், மீன்வளம் குறையும் என்று ஒரு கையால் அறிவியலை எடுத்தார். மக்களின் பக்தி, கூடுமிடம், ஊர்ப்பற்று எல்லாம் அந்த மரநிழலில்தான் இருக்கின்றன என்று மறுகையால் வழக்காற்றை எடுத்தார். சூழலியல் என்ற துறையின் பெயரை ஜப்பானில் ஆரம்ப நாளிலேயே பொதுவிவாதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் ஒருவர். 1920இல் நாடாளுமன்ற மேலவை சன்னிதி இணைப்புக் கொள்கையைப் பயனற்றதென்று தீர்மானித்தபோது பெரும்பாலான காடுகள் போய்விட்டிருந்தன. குமானோ யாத்திரைப் பாதையில் நொனாகா கிராமத்தின் பெரிய ஸுகிகளில் சில மட்டும் தப்பின. கிளைகளைத் தெற்கே நீட்டியபடி அவை இன்றும் நிற்கின்றன. மர ஆவிகளைப் பற்றி ஜப்பானில் எழுதப்பட்டவற்றுள் அந்தக் கடிதங்களுக்கே நான் முதலிடம் தருவேன். ஆவி உண்டா இல்லையா என்று அவர் நேரத்தை வீணாக்கவில்லை.

நகரத்திலும் அந்தப் பயம் எஞ்சியிருக்கிறது. ஒசாகா அருகே கயஷிமா ரயில் நிலையத்தை மேம்பாலத்துக்கு உயர்த்தும் திட்டத்துக்காகச் சுமார் 700 வயதுள்ள கற்பூர மரத்தை வெட்ட 1972இல் முடிவானது. கிளையை வெட்டியவருக்குக் காய்ச்சல் வந்தது, மரத்தில் பாம்பு தெரிந்தது என்று பேச்சு பரவியது, ஊரார் எதிர்த்தார்கள். 1980இல் முடிந்த நிலையத்தின் நடைமேடையிலும் கூரையிலும் சதுரமாகத் துளை விட்டிருக்கிறார்கள். மரம் அதன் வழியே மேலே போகிறது. அடியில் சிறு சன்னிதி.

இவ்வளவும் பழைய மரங்களைப் பற்றியது. ஜப்பானின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. அதில் ஏறக்குறைய 40 சதவீதம், அதாவது சுமார் 1 கோடி ஹெக்டேர், மனிதர் நட்டது. பெரும்பகுதி போருக்குப் பிறகு வரிசையாக நட்ட ஸுகியும் ஹினோகியும். வெளிநாட்டு மரம் மலிவாக வந்ததும் அவற்றைக் கவனிக்க ஆளில்லாமல் போனது. வசந்தத்தில் அந்த மகரந்தத்தால் நாடே தும்முகிறது. இப்போது 50, 60 வயதாகி வெட்டும் பருவம் வந்திருக்கிறது. இயந்திரம் ஒரு மரத்தைப் பிடித்து அறுத்துக் கிளை சீவித் துண்டாக்க நிமிடங்கள் போதும். தெய்வத்தின் தாடியிலிருந்து வந்த அதே இனம்தான். ஆனால் நூறாண்டு கடந்தால்தான் ஆவி குடியேறும் என்ற செகியெனின் கணக்கின்படி இவற்றில் யாரும் இல்லை. கேட்கவேண்டிய ஆளும் இல்லை.

இந்த இடைவெளியை வைத்துப் பார்த்தால்தான் இஸே ஆலயம் செய்வதன் அருமை தெரிகிறது. 690இல் தொடங்கி, உள்நாட்டுப் போர்க்காலத்தில் நெடுநாள் தடைபட்டும் விடாமல், 20 ஆண்டுக்கு ஒருமுறை ஆலயத்தைப் புதிதாகக் கட்டுகிறார்கள், அடுத்தது 2033இல். அதற்கான முதல் மரங்கள் 2025 ஜூனில் கிஸோ மலையில் வெட்டப்பட்டன. வெள்ளுடை அணிந்த மரவெட்டிகள் சுமார் 300 வயதுள்ள ஹினோகியை மூன்று பக்கமிருந்து கோடரியால் குடைந்து, நடுவை வெறுமையாக்கி, மூன்று கால்களில் நிற்கவைக்கிறார்கள். ஒரு மரம் படுக்கப் போகிறது என்று மலைக்குக் குரல் கொடுத்துவிட்டுக் கடைசிக் காலை வெட்டுகிறார்கள். விழுந்ததும் நுனிக் கொப்பு அடிமரத்தில் செருகப்படுகிறது. கட்டடத்தின் நடுத்தூணுக்கான மரத்திடம் வேண்டும் சடங்கு இதற்குமுன் இஸேயின் மலையில் இரவில், வெளியார் பார்வை இல்லாமல் நடந்துமுடிகிறது.

அதோடு கடன் தீர்ந்ததாக இஸே எண்ணவில்லை. 1923இல் தன் மலைகளில் 200 ஆண்டுத் திட்டமொன்றைத் தொடங்கி ஹினோகி நட்டுவருகிறது. பெருமரமாக வளரத் தேர்ந்தவற்றுக்கு அடிமரத்தில் வெள்ளைச் சாயத்தால் இரட்டை வளையம் பூசி, சுற்றியுள்ளவற்றைக் கழித்து இடம் விடுகிறார்கள். 2013ஆம் ஆண்டுப் புதுப்பித்தலில் தேவைப்பட்ட மரத்தில் ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சொந்தக் காட்டிலிருந்து கிடைத்தது. சுசானோவோவின் கதையில் மயிரை இறைத்த தந்தையோடு, நாடெங்கும் விதை தூவிய பிள்ளைகளும் வருகிறார்கள். மூத்தவனான இதாகேருவுக்கு வகயாமாவில் இன்றும் கோயில் இருக்கிறது. நாட்டாரியல் ஆய்வுகள் சடங்கின் முன்பாதியை, அதாவது கேட்பதையும் படைப்பதையும், நுணுக்கமாகத் தொகுத்துவிட்டன. பின்பாதியான நடவை அந்த அளவுக்கு யாரும் தொடவில்லை. கியூஷுவின் சரிவுகளில் ஒட்ட வெட்டியபின் மறுநடவு இல்லாமல் கிடக்கும் பரப்பு பெருகிவரும் இந்த நேரத்தில், அடுத்து எழுதவேண்டிய ஆய்வு அதைப் பற்றியதாகத்தான் இருக்கவேண்டும்.